இரண்டு ஃபேனும் ஒரு நிச்சயதார்த்தமும்

கமலநாதனுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஆனால் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

தம்முடைய பழைய வீரா காருக்குள் ஜப்பானிலிருந்து வந்த டர்போ இன்ஜினைத் திணித்திருந்தார். இன்ஜின் பெரிது, இடம் சிறிது. ரேடியேட்டருக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளிதான் மிஞ்சியது. பழைய ஃபேன் அதில் நுழையவில்லை. ஆகவே மெல்லிய எலக்ட்ரிக் ஃபேன் இரண்டு வாங்கினார்.

"கொண்டு வாங்க அண்ணே, நான் மாட்டித் தரேன். அரைநாள் வேலை லா," என்றார் ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருக்கும் கன்னையா.

கமலநாதன் சிரித்தார். இதற்கெல்லாம் பட்டறைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம்.

ஒவ்வொரு ஃபேனிலும் நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு ஒயர்கள். விளக்கத்தாள் சீனத்தில் இருந்தது. நீலம் அமைதியான நிறம், எனவே அதுதான் எர்த் என்று முடிவுசெய்து, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினார். டேஷ்போர்டில் ஒரு சுவிட்சும் வைத்தார்.

ஞாயிறு காலை ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் திறப்பு விழா. ரவாங்கிலிருந்து நண்பர் வேலாயுதம் வந்திருந்தார். சுவிட்சைத் தட்டியதும் காரின் முன்பக்கத்திலிருந்து காற்று வந்தது.

"சட்டை பறக்குது, பாஸ்!" என்றார் வேலாயுதம்.

குப்பை போட இறங்கிவந்த மனைவி புனிதா நின்று பார்த்தார். "என்னங்க, காத்து உள்ளதானே போகணும்? வெளிய வருதே?"

"இது கார், புனிதா," என்று கமலநாதன் பொறுமையாக விளக்கினார். விளக்கம் அதோடு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் புனிதாவின் தம்பி கிஷனுக்கு நிச்சயதார்த்தம். ஒன்பது சீர்த்தட்டுகளும் இவர்கள் காரில்தான். கிராப் டாக்சி கூப்பிடலாம் என்றார் புனிதா. கமலநாதன் புண்பட்டார்.

ஃபெடரல் ஹைவேயில் வேகமாகப் போனவரை எல்லாம் சரியாக இருந்தது. சுங்கை வேயைத் தாண்டியதும் நெரிசல். கார் நின்றது, வெப்ப முள் ஏறியது.

"மீட்டர் பழசு. அப்படித்தான் காட்டும்," என்றார் கமலநாதன்.

இன்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அது பழசில்லை, புதிது. காரை ஓரங்கட்டி இறங்கிய கமலநாதன், பாத்தேக் சட்டை நுனியால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"தொடாதீங்க! வெந்துடும்!" என்று புனிதா கத்தினார்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். புனிதாவின் அம்மா நான்கு முறை அழைத்துவிட்டார். தட்டு இல்லாமல் பெண் வீட்டு வாசலில் எல்லோரும் நிற்கிறார்களாம். சூடு தணிந்ததும் புனிதா மூடியைத் திறந்து குடிதண்ணீர் போத்தல்களைக் கவிழ்த்தார். பிறகு ஃபேனைப் போடச் சொல்லி, முன்கம்பி வலையருகே ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்தார். தாள் பறந்து ஹைவேக்குப் போய்விட்டது.

"இது உள்ள இழுத்து ஒட்டிக்கணும். ஃபேன் தலைகீழா சுத்துது. எங்க ஃபேக்டரில பதினோரு வருஷமா காத்தடிக்கிற புளோவரை இப்படித்தான் செக் பண்றேன்."

"நீ அங்க டைப்பிங் வேலைதானே பாக்கிறே?"

புனிதா ஃபேனை நிறுத்திவிட்டு, புடவை ஊசியை எடுத்து டேப்பைக் கிழித்து, ஒயர்களை மாற்றி முறுக்கினார். அடுத்த தாள் வலையில் பச்சென்று ஒட்டியது. கிள்ளான் வரை முள் நடுவிலேயே நின்றது.

தட்டுகள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. மோதிரம் மாற்றிச் சாப்பாடு தொடங்கியதும் கமலநாதனுக்குக் குரல் திரும்பியது. "வழியில சின்னக் கோளாறு. நானே ரெடி பண்ணிட்டேன்."

பெண்ணின் அப்பா தம்புசாமி லோரி வைத்திருப்பவர். "அப்படியா மாப்ள? நம்ம லோரியும் ரெண்டு நாளா சூடேறுது. ஒரு பார்வை பாருங்களேன்."

கமலநாதன் புனிதாவைப் பார்த்தார். புனிதா பாயசத்தைப் பார்த்தார்.

"போய்ப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் புனிதா.

அவர் போனார். லோரியின் முன்னால் கால்மணி நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். சுற்றிலும் பெண் வீட்டார் பத்துப் பேர். கடைசியில் சாப்பாட்டுக் கூடாரத்தை நோக்கி மெதுவாகக் கூப்பிட்டார்.

"புனிதா... ஒரு நிமிஷம் வரியா?"

"சாப்பிட்டுட்டு வரேங்க," என்ற புனிதா, பரிமாறுகிற பெண்ணிடம் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.