நெஞ்சளவில் ஒரு கும்பிடு

ஆழ்வாப்பிள்ளையின் வலது தோள் முதன்முதலில் கழன்றது சைக்கிளிலிருந்து விழுந்தபோது. பிறகு அதற்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் நீரிறைக்கும் இயந்திரம் சும்மா கிடந்த காலம். வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றுத் துலாவால்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். மேலே தொங்கும் துலாக்கொடியை எட்டிப் பிடிக்கையில் கழலும். சட்டை போடுகையில் கழலும். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியார் இழுத்து இருத்திவிடுவார். ஐப்பசியில் ஒருநாள், கோயிலில் தீபாராதனைக்குக் கைகளைத் தலைக்கு மேலே கூப்பியபோதும் கழன்றது. அதன்பின் விடியற்காலைகளில் தோள் இறுகிக் கிடந்தது. அசைத்தால் உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது.

மனைவி அருமைநாயகிதான் அவரை யாழ்ப்பாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், கழலும் ஒவ்வொரு தடவையும் மூட்டு தேய்கிறது, வாதம் தொடங்கிவிட்டது என்றார். தேய்ந்தது திரும்பி வராது. இனிக் கழலாமல் பார்த்துக்கொண்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஸ்ரெல்லா, பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

"முழங்கையை விலாவோடை ஒட்டி வைச்சுக்கொண்டு வெளியாலை இழுங்கோ ஐயா. மெல்ல மெல்ல. நொந்தால் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்கோ. கையைத் தோளுக்கு மேலை தூக்கிற வேலை மட்டும் வேண்டாம்."

"கும்பிடுறதும் வேலையே பிள்ளை?"

"உங்கடை தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே." அவள் கழுத்துச் சிலுவை அசையச் சிரித்தாள். "வேதக்காரி சொல்லுறாள் எண்டு கோவிக்காதேங்கோ. கொஞ்ச மாதத்துக்கு நெஞ்சிலை வைச்சுக் கும்பிடுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டார். காலையும் மாலையும் ரியூப்பை இழுத்தார். தண்ணீர் இறைக்கும் வேலையை மச்சான் நாகலிங்கம் கேளாமலே ஏற்றுக்கொண்டான். தோள் கழல்வது நின்றது. ஆனால் கோயிலில் மட்டும் அவர் மனம் ஆறவில்லை. பெரியோருக்கு நெஞ்சுக்கு நேரே, குருவுக்கு நெற்றிக்கு நேரே, ஆண்டவனுக்குத் தலைக்கு மேலே என்றுதான் அவர் கும்பிட்டு வளர்ந்தவர். முருகனுக்கு முன்னால் நெஞ்சளவில் கைகூப்பி நிற்பது, பாதிக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவதாகவே பட்டது. தைப்பூசத்தன்று ஒருமுறை கைகளைத் தூக்கிவிடுவது, கழன்றால் கழலட்டும் என்று முடிவு செய்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று கோயில் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் பூரணத்தின் குரல் கேட்டது. அயல்வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மச்சாள், மனுசனுக்குத்தான் தோள் கழண்டது. உனக்குமோ? நானும் பாக்கிறன், நீயும் நெஞ்சுக்கு மேலை கை தூக்கிறேல்லை."

"எனக்கொண்டும் கழலேல்லை." அது அருமைநாயகி. "அவர் தனிய அப்பிடி நிண்டால் சனம் திரும்பிப் பாக்கும். ரெண்டு பேர் நிண்டால் அது ஒரு வழக்கம் எண்டு விட்டிடும்."

"முருகன் கோவிக்கமாட்டாரே?"

"அவருக்கு ரெண்டு பெண்சாதி. பெண்சாதியின்ரை மனம் விளங்கும்."

பூரணம் சிரித்துவிட்டாள். ஆழ்வாப்பிள்ளை கழுவிய காலையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றார். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் சாமியையும் தன் கையையும்தான் பார்த்திருந்தார். பெண்கள் பக்கம் பார்த்ததில்லை.

திரை விலகியது. மணி ஒலித்தது. அரோகரா என்ற சத்தத்தோடு கைகளெல்லாம் மேலெழுந்தன. அவர் கைகளும் தாமாகவே மேலே போகத் தொடங்கின. கழுத்தளவில் வந்தபோது அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். உயர்ந்த கைகளுக்கு நடுவில் அருமைநாயகி கண்களை மூடி, நெஞ்சோடு கைகூப்பி நின்றாள். அவள் கும்பிட்டதில் எதுவும் குறைவாக அவருக்குத் தெரியவில்லை. அவர் கைகளை மெதுவாக இறக்கி நெஞ்சில் வைத்தார். கண் கலங்கி, தீபம் ஒன்று பலவாகத் தெரிந்தது.

திரும்பி நடக்கையில் அவள் கேட்டாள்.

"தோள் நோகுதோ?"

"நோ இருக்கு. ஆனால் தோள் தன்ரை இடத்திலை இருக்கு."

"அது போதும்," என்று சொல்லி, அவர் வலக்கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டாள்.