வலப்பக்கத்து மிச்சம்

அன்று காலை அந்த வயலில் இருந்தவர்கள் ஆறு பேர். பட்டறைக்காரர், ஊர் அவரை அளவுக்காரர் என்று அழைக்கும். அவருடைய மனைவி. அவருடைய தங்கை. டிராக்டரில் உட்கார்ந்திருந்த தங்கையின் கணவர். பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் வெல்டர். கையில் டேப்பும் அட்டையுமாக வந்திருந்த விவசாயிகள் சங்கத்துச் செயலாளர். ஆறே பேர்தான். வரப்பில் நின்று கண்ணால் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் எவரும் அன்று அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆறு பேரும் கூடியது ஒரு மக்காச்சோள விதைப்பு மெஷினை ஓட்டிப் பார்க்க. சங்கத்துக்கு அந்தப் பருவத்தில் இருபது மெஷின் தேவைப்பட்டது. முப்பது வருடமாகச் சங்கத்துக்கு மெஷின் செய்து கொடுத்தது அளவுக்காரர் பட்டறை ஒன்றுதான். இந்த முறை செயலாளர் வாயைத் திறந்து சொல்லிவிட்டார்: உங்கள் தங்கை ஒரு மெஷின் வரைந்திருக்கிறாராமே, அதை ஓட்டிப் பார்ப்போம், தேறினால் இருபதும் அதுவே, தேறாவிட்டால் உங்களுடையதே.

அன்றிலிருந்து அளவுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய மெஷின் அவருடைய அப்பா செய்த மாதிரி. டிராக்டருக்குப் பின்னால் குறுக்காக ஒரு சதுரக் குழாய். அதில் அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக நான்கு விதைப்பெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணைக் கீறும் ஒரு கொழு. எல்லாம் குழாயோடு சேர்த்து வெல்டிங் வைத்தது. அசைக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். அதுதான் அதன் பெருமை என்று அப்பா சொன்னார், மகனும் சொன்னார். அதுதான் அதன் குறை என்று சொன்னவள் தங்கை ஒருத்திதான். மக்காச்சோளம் போடும் வீட்டுக்குக் கல்யாணமாகிப் போய், தீவனத்துக்கு நெருக்கி விதைக்கிறவர்களும் கதிருக்குத் தள்ளி விதைக்கிறவர்களும் ஒரே மெஷினோடு மல்லுக்கட்டுவதைப் பதினைந்து வருடம் பார்த்தவள்.

அவளுடைய மெஷினில் வெல்டிங் வைத்தது டிராக்டரோடு மாட்டும் கொக்கி மட்டும்தான். பெட்டிகள் குழாயின் மேல் நகரும். நாற்பது, ஐம்பது, அறுபது என்று மூன்று இடைவெளிக்கும் குழாயில் துளைகள். வேண்டிய துளையில் பின்னைச் செருகி, கிளாம்ப்பை முறுக்கினால் பெட்டி நின்றுவிடும். தரையில் உருளும் சக்கரம் செயினை இழுக்க, செயின் பெட்டிக்குள் இருக்கும் விதைத்தட்டைச் சுற்றும். பல்சக்கரத்தை மாற்றினால் விதைக்கும் விதைக்கும் உள்ள தூரம் மாறும். ஆழத்துக்குத் தனியாக ஒரு திருகு. இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆறு மாதத்தில் வரைந்துவிட்டாள்.

படத்தை முதலில் அண்ணனிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். அவர் நின்றபடியே பார்த்தார். "இவ்வளவும் ஆடும்னா இதுக்குப் பேரு மெஷினா, தொட்டிலா?" என்றார். வெல்டர் சிரித்தான். தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. படம் சரியாக இருந்தது என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அவருடைய பொறாமைக்கு வயது நாற்பதுக்கு மேல். சிறுவயதில் இருவரும் பட்டறையிலேயே கிடந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா மகளைக் காட்டி, "இவ கணக்குப் போட்டா நான் கண்ணை மூடிட்டு வெட்டுவேன்" என்பார். மகன் வெட்டிக் கொண்டுவந்து வைத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைத் தின்றே மகன் வளர்ந்தார். அப்பா போன பிறகு பட்டறையும் அளவுக்காரர் என்ற பட்டப்பெயரும் அவருக்கு வந்தன. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன் என்ற பேச்சு மட்டும் அவர் பங்குக்கு வரவில்லை.

இந்தப் பட்டறையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே நீள வேலைக்கெல்லாம் அளவு எடுப்பது, அப்பா உளியால் கோடு வெட்டி வைத்த இரும்புப் பட்டையால். ஒருமுறை அதன் முனையில் பெரிய இரும்புக் கட்டை விழுந்து நசுங்கிவிட, அப்பா முதல் பத்து சென்டிமீட்டரை அறுத்து எறிந்துவிட்டார். அதிலிருந்து பட்டை பத்தில் தொடங்கியது. புதுப் பட்டை வாங்க அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதில், அளவு எழுதுகிறவர் எல்லா எண்ணிலும் பத்தைக் கூட்டியே எழுதுவார். துளை போடுகிறவர் பட்டையில் அந்த எண்ணைப் பார்த்துக் குறி வைத்துவிடுவார். இதற்கு வீட்டுக் கணக்கு என்று பெயர். வெளியாட்கள் கொண்டுவருவது கடைக் கணக்கு. அதற்குத் துளை போடுகிறவரே பத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று மீட்டர்க் குழாயில் துளை போடும் அளவுக்குப் பெரிய டிரில்லிங் மெஷின் அளவுக்காரர் பட்டறையில்தான் இருந்தது. தங்கை குழாயை அறுத்து, கொக்கியை நடுவில் வைத்து, துளைகளின் அளவை ஒரு தாளில் எழுதி அனுப்பினாள். அறுபதுக்கான நான்கு பெட்டிக்கும் இடது முனையிலிருந்து 60, 120, 180, 240 என்று எழுதியிருந்தது. தாளின் மேலே குழாயின் நீளம்: 300.

அளவுக்காரர் குழாயின் இடது முனையோடு பட்டையைச் சேர்த்து வைத்தார். குழாயின் வலது முனை பட்டையில் முன்னூற்றுப் பத்தில் நின்றது. தாளில் முன்னூறு. அங்கே விரலை வைத்தார். வீட்டுக் கணக்காக இருந்தால் முன்னூற்றுப் பத்து என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? தங்கை புது வீட்டில் புது டேப் வாங்கி, கடைக் கணக்கில் எழுதிவிட்டாள். புரிய அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

வெல்டரும் பக்கத்தில்தான் இருந்தான். "அண்ணே, எதுக்கும் ஒரு தடவை தங்கச்சியைக் கேட்டுக்கலாமா?" என்றான்.

"அவதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. நான் போயி என்னத்தைக் கேட்க" என்றார் அவர்.

அவள் இந்த வீட்டுப் பெண், வீட்டுக் கணக்கில்தான் எழுதியிருப்பாள் என்று மனதுக்குள் ஒரு நியாயத்தைச் செய்து, அதையும் தன் மெஷினைப் போலவே அசையாமல் வெல்டிங் வைத்துக்கொண்டார். பட்டையில் அறுபதைப் பார்த்தார், பஞ்ச்சை வைத்து ஒரு அடி அடித்தார். நிஜத்தில் அது முனையிலிருந்து ஐம்பது. அப்படியே பன்னிரண்டு துளையும் விழுந்தன. முடிந்தபோது கடைசித் துளைக்கு வலப்பக்கம் எழுபது மிச்சம் நின்றது. முதல் துளைக்கு இடப்பக்கம் ஐம்பதுதான். அவர் அதையும் பார்த்தார். துணியால் இரும்புச் சுருளைத் துடைத்துவிட்டு, அனுப்பி வை என்றார்.

தங்கை துளைகளை அளந்து பார்க்கவில்லை. அண்ணன் கை போட்ட துளையை அளப்பது அந்த வீட்டில் முகத்தில் அடித்த மாதிரி. பின் சரியாக உட்கார்ந்தது, பெட்டிக்குப் பெட்டி அறுபது நின்றது. அவளுக்கு அது போதும்.

இனி வயலுக்கு வருவோம். விதை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று, மண்ணை மூடி அமுக்கும் சக்கரங்களைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். டிராக்டரில் மாப்பிள்ளை, தங்கையின் கணவர், முதல் நடை போனார், திரும்பி இரண்டாவது நடை வந்தார். செயலாளர் குனிந்து விதைக்கு விதை அளந்தார். இருபது, இருபது, இருபது. தங்கை பல்சக்கரத்தை மாற்றினாள்; மூன்றாவது நடையில் இருபத்தைந்து விழுந்தது. செயலாளர் நிமிர்ந்து, இதை யாரிடம் கற்றீர்கள் என்று தங்கையைக் கேட்டார். அளவுக்காரரின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அளவுக்காரர் வரப்பில் விறைத்து நின்றார், கஞ்சி போட்ட சட்டையைக் கொடியில் மாட்டிய மாதிரி. கொஞ்சம் நிழலில் நில்லுங்களேன் என்று மனைவி சொன்னதற்கு, எனக்கு ஒன்றும் சுடவில்லை என்றார். வயிறு எரிந்துகொண்டிருந்தது என்னவோ உண்மை.

நான்காவது நடை முடிந்ததும் செயலாளர் வரிசைகளின் குறுக்கே நடந்தார். ஒரு நடைக்குள் நான்கு வரிசையும் அறுபது அறுபதாக இருந்தன. ஒரு நடை முடிந்து அடுத்த நடை தொடங்கும் இடத்தில் டேப்பை வைத்தார். எண்பது. அடுத்த சந்தில் நாற்பது. அதற்கடுத்ததில் மறுபடி எண்பது. ஓட்டியதில் கோணலா என்று கேட்டார். மாப்பிள்ளை டிராக்டரிலிருந்து இறங்கி, சக்கரத் தடத்தைக் காட்டினார். கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. கோணலாக ஓட்டினால் முன்னே பின்னே இருக்கும் சார், இப்படி எண்ணி வைத்தது மாதிரி எண்பதும் நாற்பதும் வராது என்றார். செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. எண்பதில் களை வரும், நாற்பதில் ஆள் நுழைய முடியாது, இதை எப்படி இருபது பேர் வயலுக்கு அனுப்புவது என்று கேட்டபடி அட்டையில் எழுதப் போனார்.

அளவுக்காரர் இத்தனை நாள் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான். நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

தங்கை மெஷினிடம் போனாள். குழாயின் இடது முனையில் சாண் வைத்தாள். வலது முனைக்குப் போய் அங்கும் வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. வெல்டர் தரையைப் பார்த்தான்.

அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். "தப்பு என் பேப்பர்ல சார். அளவை நான்தான் மாத்தி எழுதிட்டேன். எங்க பட்டறையில போட்ட துளை தப்பாது" என்றாள்.

அளவுக்காரருக்கு அந்தச் சர்க்கரை நொடியில் மண்ணாகிவிட்டது. வடிவத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அப்பாவின் வாயை எடுத்துக்கொண்டாள். செயலாளரின் கண்ணை எடுத்துக்கொண்டாள். கடைசியில் வீட்டு மானத்தைக் காப்பாற்றும் வேலை ஒன்று அவருக்கென்று இருந்தது. அதையும் அவளே, அதுவும் அவர் கண்ணெதிரிலேயே, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு செய்கிறாள். அப்பா இருந்திருந்தால் இதற்கும் அவளைத்தான் காட்டிப் பேசியிருப்பார். மற்ற எதையும் பொறுத்துக்கொண்ட அவரால் இதைப் பொறுக்க முடியவில்லை.

வரப்பை விட்டு இறங்கினார். செருப்பில் மண் ஏற ஏற நடந்து மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"பேப்பர் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "துளை என்னது. பத்து சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப் போட்டுட்டேன். டிராக்டர் திரும்பி வர்றப்போ ஒரு சந்துல ரெண்டு பக்கமும் பத்துப் பத்து விலகும், அடுத்த சந்துல பத்துப் பத்து நெருங்கும்."

"அண்ணே" என்றாள் தங்கை, மெதுவாக.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாத்துலயும் முந்திக்கணும்."

மாப்பிள்ளை கனைத்தார். அப்படியென்றால் இன்றைக்கு அவ்வளவுதானா, வேறு குழாய் வர வேண்டுமா என்று செயலாளர் கேட்டார்.

அளவுக்காரர் ஸ்பேனருக்குக் கை நீட்டினார். வெல்டர் கொண்டுவந்து வைத்தான். அவர் முதல் பெட்டியின் கிளாம்ப்பைத் தளர்த்தி, பின்னைப் பிடுங்கினார். பெட்டியை இரண்டு கையாலும் தள்ளினார். அது குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எவ்வளவு லேசாகப் போகிறது என்று அவர் கைக்குத் தெரிந்தபோது அவர் உதடு இறுகியது. அவருடைய மெஷினில் இதே தப்பு நடந்திருந்தால் குழாயோடு பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். இங்கே தப்பையும் சேர்த்து நகர்த்திவிட முடிந்தது. தங்கை டேப்பைப் பிடித்தாள், அவர் தள்ளினார். பெட்டி ஒவ்வொன்றும் வலப்பக்கம் பத்து. பின் இல்லாமல் கிளாம்ப் மட்டும் தாங்குமா என்று அவள் கேட்டாள். அவர் ஸ்பேனரின் வாலில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து முறுக்கினார்.

"இப்போ யானை இழுத்தாலும் நகராது. டேப் வச்சுப் பாரு" என்றார்.

"நீங்க வச்சதை நான் அளக்க மாட்டேன்" என்றாள்.

"அளந்து பாருன்னு சொல்றேன்ல."

அவள் அளந்தாள். இடப்பக்கம் அறுபது, வலப்பக்கம் அறுபது. "சரி" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு அளவுக்காரர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அங்கிருந்த ஒருவருக்கும் புரியவில்லை.

மாப்பிள்ளை மறுபடி நான்கு நடை போனார். எல்லாச் சந்திலும் அறுபது. செயலாளர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது மெஷினும் தங்கையின் வடிவம்தான். துளை எல்லாம் அளவுக்காரர் பட்டறையில். அவள் அனுப்பிய அடுத்த தாளின் தலைப்பில் கடைக் கணக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பட்டையை மாற்றவில்லை. அவளைப் பாராட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய மெஷின் ரோட்டில் போனால் இன்றும் பட்டறைக் கதவை உள்பக்கம் சாத்திக்கொள்கிறார்.

தங்கையின் மேல் இருந்த பாசத்தால் அண்ணன் அவளுடைய தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் எழுதிய அளவில் தப்பே இல்லை. துளையைத் தள்ளிப் போட்டவர் அவர்தான். வலப்பக்கம் எழுபது மிச்சம் நின்றதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குழாயை அனுப்பினார்.