மாடத்தில் வைத்த தலைப்பு

எங்கள் ஊர்ச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதுவது என் வேலை. தம்பி ரியோஹெய் நெடுந்தொடரோட்டத்தில் ஒன்பது பேரை முந்திய அன்றும் நான்தான் எழுதினேன்.

புதிதாய் எழும் வீரர்களுக்கு எங்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. சுய்செய் என்றால் வால்மீன். ஷின்செய் என்றால் புது நட்சத்திரம்.

"சுய்செய்னு போடும்மா," என்றார் ஆசிரியர் குரோய்வா.

"வால்மீன் வந்த வேகத்துல போயிடுமே."

"ஷின்செய் மட்டும் நிக்குமா? பேர்தான் புதுசு, அது கிழட்டு நட்சத்திரம்மா. திடீர்னு பத்திக்கிட்டு ஒரு மாசத்துல மங்கிடும்."

"படிக்கிறவங்களுக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

ஷின்செய் என்றே போட்டேன்.

அம்மா அந்தத் தலைப்பைக் கத்தரித்து, வீட்டுப் புத்த மாடத்தில் அப்பாவின் படத்துக்கு முன் வைத்து மணியைத் தட்டினாள். "பாருங்க, நீங்க விட்டதை இவன் பிடிச்சிட்டான்." இதே ஓட்டத்தில் அப்பா ஒருமுறை பாதி வழியில் விழுந்தவர். தோளில் போட்டு ஓடி அடுத்த ஓட்டக்காரனிடம் கொடுக்க வேண்டிய துணிப்பட்டை அவன் கைக்குப் போகவில்லை. ஊர் அதை மறக்கவேயில்லை.

டிசம்பரில் ஒரு காலை, ரியோஹெய் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மேடு ஏறினா நெஞ்சுல யாரோ முழங்காலை வச்சு அழுத்துறாங்க."

"பயிற்சியாளர்கிட்ட சொல்லு. ஜனவரிப் பந்தயத்துல வேற ஆள் ஓடட்டும்."

அவன் மாடத்தைப் பார்த்தான். "அந்தத் துண்டை நீ எடுத்துடு. நான் ஓடலை."

செத்தவருக்குக் காட்டியதை எங்கள் வீட்டில் யாரும் திரும்ப எடுத்ததில்லை. அடுத்த அறையில் அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினேன். விரல் பட்டு மணி லேசாக ஒலித்தது. அரிசி கழுவும் சத்தம் நின்றது.

"பந்தயம் முடியட்டும். எடுத்துடறேன்," என்றேன்.

"சரி, நட்சத்திரம் ஓடிட்டு வரும்," என்று சிரித்தான்.

ஜனவரியில் மேட்டுச் சாலை முடிவில் காத்து நின்றேன். எதிர்பார்த்த நேரம் கடந்து அவன் வந்தான். உதடு நீலம். பட்டையைக் கழற்றி முஷ்டியில் சுற்றியிருந்தான். பட்டையைக் கைமாற்றும் கோட்டுக்குப் பத்தடி முன்னால் விழுந்தான். அடுத்தவன் கோட்டைத் தாண்டக் கூடாது. "வா, வா," என்று குனிந்து கையை நீட்டியபடியே நின்றான். சுற்றி நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ரியோஹெய் முழங்காலில் ஊர்ந்து வந்து பட்டையைக் கொடுத்தான். அதன்பின் அசையவில்லை.

மறுநாள் தலைப்பைக் குரோய்வாவே எழுதினார். எந்தச் சொல் என்று நான் பார்க்கவில்லை.

மாடத்தில் இப்போது இரண்டு படங்கள். நடுவில் அந்தத் தலைப்புத் துண்டு பழுத்துப் போய் இருக்கிறது. எடுத்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.