ஆளுக்குப் பாதி அடைப்பு

கிளிக்கக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது அவள் கையிலிருந்த எண்ணும் கருவி ஒன்பதில் நின்றது. இருபத்திரண்டு வருடமாக அதை அமுக்கிக்கொண்டே இருந்ததில் வந்த பெயர்தான் கிளிக்கக்கா. நூறு செல்லுக்கு ஒன்பது நீலம். முந்தைய தட்டிலோ நாற்பத்துநான்கு. எல்லாம் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்து எடுத்த செல்கள். ஐந்து மாதமாகப் பிரித்துப் பிரித்து வளர்த்து அவற்றைக் கிழடாக்கியிருந்தாள். சாயம் ஊற்றினால் முதுமை தட்டிய செல் மட்டும் நீலமாகிவிடும். தட்டுக்கு ஒரு குழந்தையாக ஆறு தட்டு. ஆறுக்கும் ஒரே தீனி, ஒரே சூடு, ஒரே அடுக்கு. ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

ஆய்வகத் தலைவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். நல்ல மனிதர்தான், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அலைவார். நின்றபடியே தாளைப் பார்த்தார்.

"கைப்பிழையா இருக்கும்க்கா. கண்ணும் முன்ன மாதிரி இருக்காதுல்ல. சராசரி எடுத்துப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை கட்டுரை போகணும்."

சராசரி இருபத்தாறரை. அந்த எண்ணிக்கையில் ஒரு தட்டுகூட அடுக்கில் இல்லை. அதைவிடக் கைப்பிழை என்ற சொல்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தக் கையை நம்பித்தானே இத்தனை வருடம் சோறு தின்றாள்.

மேசை இழுப்பறையிலிருந்து தன் சொந்த நோட்டை எடுத்தாள். பிரசவ வார்டு சிஸ்டர் கொடி போட்ட டப்பாவை நீட்டும்போதெல்லாம் "என்ன குழந்தை?" என்று கேட்காமல் வாங்க அவளுக்கு வராது. ஒரு பிறப்பிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு, அதுகூடக் கேட்காமல் வந்தால் மனுஷத்தனமா? ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. "செல்லுல என்னக்கா ஆணும் பொண்ணும்?" என்று தலைவர் அப்போதே சிரித்திருந்தார். அவள் பாட்டுக்கு ஓரத்தில் குறித்துவைத்தாள்.

நாற்பத்தொன்று, பையன். பன்னிரண்டு, பெண். முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு, பையன்கள். ஒன்பது, பதினைந்து, பெண்கள்.

இரண்டு தரம் சரிபார்த்தாள். தம்பி ஞாபகம் வந்தது. தம்பி என்றாலும் ஏழு நிமிஷம்தான் இளையவன், இரட்டை. நாற்பத்தைந்தில் அவனுக்கு இதயக் குழாய் அடைத்துக்கொண்டது, ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவள் ஓடியாடித் திரிந்தாள். "உனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்க" என்று வீடே சொன்னது, அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. இப்போது இரண்டாம் மாடிக்குள் மூச்சு வாங்குகிறது. டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். அவளுக்குப் பயமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டோடு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஆறே தட்டுக்கா. தற்செயலா இருக்கலாம். சராசரியே போதும்."

"என் தம்பிக்கு அடைப்பு இருந்தப்ப எனக்கு ஒண்ணுமில்ல சார். சராசரி பார்த்திருந்தா ஆளுக்குப் பாதி அடைப்பு. எனக்கும் பாதி ஸ்டென்ட் வெச்சிருக்கணுமே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"ஆறு போதாதுன்னுதான் நானும் சொல்றேன். இன்னும் பன்னெண்டு கொடி வாங்கறேன். எது யாரோடதுன்னு எனக்கே தெரியாம எண்ணறேன். அப்பவும் என் கைதான் பிழைன்னா நானே வேலையை விட்டுடறேன்."

"இன்னும் அஞ்சு மாசமாக்கா?"

"மேலயும் ஆகும். பொண்ணுங்களோடதை நிறுத்தாம வளர்க்கணும். அது எப்ப நீலமாகுதுன்னு பார்க்கணும்."

"அது எதுக்கு?"

"நான் படி ஏற வேண்டியிருக்கு சார்."

அவர் எண்ணிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இருபத்தாறரையின் மேல் ஒரு கோடு போட்டார். பென்சிலால்தான்.

மறுநாள் காலை பிரசவ வார்டு வாசலில் சிஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக டப்பாவோடு வந்தாள்.

"வாங்க வாங்க. இன்னைக்கு என்ன குழந்தை தெரியுமா?"

"ஐயோ, சொல்லாதீங்க சிஸ்டர்!" கிளிக்கக்கா பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். "தாள்ல எழுதி, மடிச்சு, கவர்ல போட்டு ஒட்டிடுங்க. சார் வெச்சுக்கட்டும்."

சிஸ்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுதினாள், ஒட்டினாள். உள்ளே புதுக்குரல் ஒன்று வீறிட்டது. கிளிக்கக்காவுக்கு நாக்கு நுனியில் கேள்வி துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை வாங்கினாள்.

ஆய்வகம் மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். ஒரு கை கைப்பிடியில், மறு கை டப்பாவை நெஞ்சோடு அணைத்திருந்தது. மூடியின் மேல் ஒட்டிய கவர் அவள் மூச்சுக்கு ஏறி ஏறி இறங்கியது. அது சற்று அடங்கியதும் அடுத்த படியில் காலை வைத்தாள்.