அய்யாவுவின் கட்டைவிரல்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய காளிதாசன் கைகளுக்கு வந்தபோது, ஒரு விரல் குறைந்தது. சுங்கைப்பட்டாணியிலிருந்து காரியம் செய்துவைக்க வந்தவர் அவர். எங்காவது விழுந்து கிடக்கிறதா என்பதுபோல் பாயைச் சுற்றிப் பார்த்தார்.

“என்னம்மா, வலது கையில கட்ட வெரலு இல்ல?”

“அது போயி முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. ஆள்காட்டி வெரல வெச்சுக் கட்டுங்கண்ணே,” என்றாள் மகள் பிரேமாவதி. கட்டி முடித்ததும் அந்தக் கையின்மேல் மாலையை இழுத்துவிட்டாள். பள்ளி நாளிலிருந்தே அப்பாவின் அந்தக் கையை மறைப்பது அவள் பழக்கம்.

அப்பா அய்யாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. குருண் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஆலை உருளையில் நசுங்கிய விரல் அது. ஆனால் உருளையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. மெர்போக் ஆற்றில் ஒரு முதலைக்குப் பல்வலி, எந்தப் பல் என்று தொட்டுப் பார்க்கப் போனேன் என்பார். முதலை பிறகு வருத்தம் தெரிவித்ததாம். யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்வார்.

பிரேமாவதி சிடாம் கிரியில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தாள். அவளுடைய கடன் அறிக்கையில் கெட்ட குறிப்பு ஒன்று இருப்பதாக வங்கி கடனை நிறுத்திவைத்தது. அப்பா குருண் கடை ஒன்றில் தவணைக்கு மோட்டார்சைக்கிள் வாங்கிக் கட்டாமல் விட்டாராம், அவள் ஜாமீனாம். அய்யாவு சைக்கிளிலிருந்தே விழக்கூடியவர். அந்தக் கடைக்கு அவள் எழுதிய மூன்று மறுப்புக் கடிதங்களுக்கும் ‘ஒப்பந்தம் இருக்கிறது’ என்றே பதில் வந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம்; அதற்குள் குறிப்பு நீங்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஒப்பந்தத்தின் நகலை, கேட்டு இரண்டு மாதம் கழித்து, அப்பா இறந்த மறுநாளான இன்று காலையில்தான் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். வாங்குபவர் என்ற இடத்தில் அழகான விரல்ரேகை. அதன் கீழே, வலது கட்டைவிரல் என்று மலாயில் எழுதியிருந்தது.

இரண்டு முறை படித்தாள். கொல்லைப்பக்கம் போய்க் கடைக்குப் பேசினாள்.

“தம்பி, எங்கப்பாவுக்கு அந்த வெரலே இல்ல. ஜாமீன் கையெழுத்தும் என்னுது இல்ல.”

“போட்டோ அனுப்புங்கக்கா.” கடையில் பழைய தவணைகளைக் கவனிக்கும் அதிகாரி விக்னேஸ்வரன் பேசினான்.

“போட்டோவ நம்ப மாட்டீங்க. மூணு மணிக்கு மின்சுடலை. அதுக்கப்புறம் காட்ட ஒண்ணும் இருக்காது.”

வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டான். “வரேங்கா,” என்றான்.

இரண்டரைக்குக் காளிதாசன், தூக்கலாம் என்றார்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. குருண்லேர்ந்து ஒருத்தர் வரணும்.”

“சொந்தமா?”

“இல்ல. கடன் கேக்கிறவரு.”

காளிதாசன் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த அம்மா மருதம்மாள் சொன்னாள்: “இருக்கட்டும். அந்த மனுசன் யாருக்கும் காத்திருந்ததே இல்ல. இன்னிக்காச்சும் காத்திருக்கட்டும்.”

இரண்டே முக்காலுக்கு விக்னேஸ்வரன் ஹெல்மெட்டோடு வந்து வாசலில் காலணியைக் கழற்றினான். பிரேமாவதி மாலையை விலக்கினாள். அவன் குனிந்து எண்ணினான். நான்கு வந்தது. மறுபடியும் எண்ணினான்.

“எப்படிக்கா போச்சு?”

பிரேமாவதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“மெர்போக்ல ஒரு முதலைக்குப் பல்வலி,” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. மருதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழுத்த அட்டை ஒன்றோடு திரும்பி வந்தாள். அதில் தேதி இருந்தது, உருளை இருந்தது. முதலை இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விக்னேஸ்வரன் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டான்.

“நேர்ல பார்த்தேன்னு எழுதிட்டேங்கா. இத பேங்குல குடுங்க. பத்து நாள்ல உங்க பேர எடுத்துருவாங்க. வேற எவனோ அப்பாவுக்கு வெரலு குடுத்திருக்கான். அது யாருன்னு நாங்க பாத்துக்கிறோம்.”

பிறகு ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, வாய்க்கரிசி போடுகிறவர்களின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றான்.

தூக்கும்போது மாலை ஒருபக்கம் சரிந்தது. பந்தலைத் தாண்டியதும் அந்தக் கைமேல் வெயில் விழுந்தது. பிரேமாவதி பக்கத்திலேயே நடந்தாள். மாலையை இழுத்துவிடவில்லை.