பண்ணாடி வீட்டு டீப்பாய்

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால், பழசுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, சரவணம்பட்டி ஃப்ளாட்டின் ஹாலில் மாட்டுவண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்கு, ஏர்க்கலப்பை என்று வாங்கி அடைத்தேன். வந்தவர்கள் உட்கார இடம் தேடினார்கள். இப்போது என் மகள் அன்புக்கரசி, "அம்மா, அதெல்லாம் போன ஃபேஷன். வெள்ளைச் சுவரு, நல்ல வெளிச்சம், ஒரே ஒரு பழைய சாமான். அவ்வளவுதான்" என்கிறாள். பழசிலும் பழைய பழசு, புதுப் பழசு என்று இருக்கிறதாம்!

அவளுக்கும் ஆனைமலைப் பையனுக்கும் பிடித்துப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா அம்மா வீடு பார்க்க வருகிறார்கள். சக்கரம் போனது, கலப்பை போனது. என் வீட்டுக்காரர் காளிச்சாமி வாயே திறக்கவில்லை. டீப்பாயில் கை வைத்ததும் ஓடி வந்துவிட்டார்.

"அது மட்டும் போவாது அம்மணி."

அந்த டீப்பாய் ஒரு காலத்தில் கதவு. என் மாமனார் கூலி வேலை செய்த நிலத்துக்காரப் பண்ணாடியின் வீட்டு வாசல் கதவு. வீட்டை இடித்தபோது என் வீட்டுக்காரர் டெம்போ வைத்துத் தூக்கி வந்து, நாலு கால் அடித்துவிட்டார். தினமும் வேலை விட்டு வந்ததும் அதன்மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டுதான் காபி குடிப்பார்.

"சரி, இருக்கட்டுங்க. ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் காலைக் கீழ வெச்சுக்கோங்க. அவங்க பாத்தா சம்பந்தமே முறிஞ்சு போயிருமுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைக்கு வந்த பையனாட்டம் முட்டியைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா பங்காரு, டீப்பாயின் பித்தளைக் குமிழைத் தடவிப் பார்த்தார்.

"இது கதவாட்ட இருக்குதுங்களே?"

நான் சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினேன். இந்த மனுஷன் பார்த்தால்தானே!

"பண்ணாடி ஊட்டுக் கதவுங்க. எங்கய்யன் கடைசி வரைக்கும் இதுக்கு வெளியவே நின்னு கூலி வாங்குனவருங்க. உள்ள எப்பிடி இருக்கும்னே தெரியாம போய்ச் சேந்துட்டாரு."

பங்காரு குமிழிலிருந்து கையை எடுத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எங்கூர்லயும் இப்பிடி ஒண்ணு இருந்துச்சுங்க" என்றார் பங்காரு மெதுவாக. "எங்கய்யனும் வெளியதான். ஏனுங்க, நீங்க இதும்மேல காலு வெப்பீங்களா?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெனமும் வெப்பனுங்க."

"அப்பறம் இப்ப ஏனுங்க கீழ வெச்சிருக்கீங்க?"

இரண்டு பேரும் ஒன்றாகக் காலைத் தூக்கி வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா ராசாத்தாள், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"கொஞ்சம் காலை ஒதுக்குங்க சம்பந்தி. எனக்கும் எடம் வேணும்."