வருஷத்துக்கு ஒரு சால்

கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றிய அன்றுதான் அந்த ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், வைகாசி மாதம். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரியக் கிடந்தன. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் எதற்கு என்று என் வீட்டுக்காரர் வேலுமணி முடிவெடுத்துவிட்டார். மோட்டாருக்கு மட்டுமல்ல, தனக்கும் சேர்த்துத்தான். நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் பம்பாய் லைனுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். ஆடி பிறந்ததும் வந்து சேர்ந்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

"அப்பப்ப ஊட்டுக்கு வாரேன். காடு சும்மா கெடக்கட்டும்."

லாரிக்குப் போனவர்களின் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மணியார்டர் ஒழுங்காக வரும், ஆள்தான் வருவதில்லை. தீபாவளிக்கு வந்தாலும் தூங்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த மனுஷரோடு சண்டை போடவாவது அவர் எதிரில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற காலம் அது.

எங்கள் காட்டுக்கும் சின்னண்ணன் என்கிறவருடைய காட்டுக்கும் நடுவில்தான் பள்ளம். எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றும் ஓடையைப் பள்ளம் என்றும்தான் சொல்வோம். கரடு என்கிற பாறைக் குன்றிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும். நான் கல்யாணமாகி வந்தபோதே அதை ஒரே தாவில் தாண்டிவிடலாம். முன்பு அது மாட்டு வண்டி இறங்கி ஏறுகிற அகலம் இருந்ததாம். அப்புறம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். சித்திரை உழவுக்கு ஏர் கட்டும்போது கரையோரமாக ஒரு உழவுச் சால் கூடுதலாக ஓட்டிக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். வருஷத்துக்கு ஒரு சால், அவ்வளவுதான். அதைத் திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிர்க்கரைக்காரன் ஓட்டினால் மட்டும் சொல்வார்கள்.

அப்படிச் சொல்லித்தான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. பள்ளத்தை விழுங்கியது நீதான் என்று இவர் சொல்ல, நீதான் என்று அவர் சொல்ல, கடைசியில் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை என்றாகிவிட்டது. சின்னண்ணன் என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. கல்யாணத்தில் எனக்கு முதலில் திருநீறு பூசியவர் அவர்தான். ஆனாலும் வழியில் எதிர்ப்பட்டால் நான் முந்தானையைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வேன், அவர் கரட்டைப் பார்ப்பார்.

ஜீப்பில் வந்தவர் பெயர் சரவணமுத்து. சேலம் அம்மாபேட்டைக்காரர், மண் பாதுகாப்பு ஆபீசர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் வேர்க்குரு. பள்ளிக்கூடத்து மேசையில் பெரிய பெரிய படங்களைப் பரப்பினார். ஏரோப்ளேனிலிருந்து எடுத்தவையாம். கறுப்பும் வெள்ளையுமாக, அழுக்குத் துணி காயப்போட்டதுபோல இருந்தன.

"இந்தப் படத்தை வெச்சுத்தான் எங்க கரை போடணும், எங்க தண்ணிய நிறுத்தணும்னு முடிவு பண்றோம். கரட்டடியில ஒரு குட்டை வெட்டலாம். அது கீழ கசிஞ்சு கெணறுங்களுக்கு வரும். பள்ளத்துல நாலு எடத்துல கல்லுத் தடுப்பு. ஆனா ஒண்ணு, பள்ளத்தோட பழைய அகலத்தை ரெண்டு கரைக்காரங்களும் விட்டுத்தரணும். தரலைன்னா எனக்கு வேற ஊரு இருக்கு" என்றார்.

"பழைய அகலம்னா எதுங்க? அதுக்குத்தானுங்களே இங்க அடிதடி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

ஆபீசர் சிரித்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் எடுத்த படம் தன்னிடம் இருப்பதாகவும், போன வருஷத்துப் படமும் இருப்பதாகவும், இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கழற்றிய மோட்டாரெல்லாம் மறந்துபோயிற்று. சின்னண்ணன் கையும் களவுமாக மாட்டப் போகிறார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நாலு கால் வைத்த ஒரு கண்ணாடிக் கருவியை ஆபீசர் எடுத்து வைத்தார். அதற்கு ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. அதன் கீழே ஒரே இடத்தின் இரண்டு பழைய படங்களை அருகருகே வைத்து, மெல்ல நகர்த்தி, பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் குனிந்தார். முதலில், "அட, கரடு எந்திரிச்சு நிக்குது!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார். மறுபடியும் பழையவற்றை வைத்தார். இவர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கழுத்து வரை வேர்த்திருந்தது. சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அடுத்து சின்னண்ணன். அவர் அவசரப்படவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். அவர் என்ன சொன்னாலும் அது ஊர் முழுக்கப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் நிமிர்ந்து, சுவரோரம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சமந்தானுங்க. அவுங்களும் தின்னிருக்கறாங்க, நாங்களும் தின்னிருக்கறோம்" என்றார்.

ஆபீசர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நீங்களும் பாருங்கம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

குனிந்தேன். இரண்டு படமும் தனித்தனியாக ஆடின. சட்டென்று ஒன்றாகி, கரடு கண்ணுக்கு நேராக மேலே எழும்பியது. தொட்டுப் பார்க்கக் கை போய்விட்டது. கரட்டடியிலிருந்து பள்ளம் வளைந்து வளைந்து இறங்கியது, இரண்டு கரையிலும் மரங்களோடு. எங்கள் கிணறு ஒரு கறுப்புப் பொட்டு. பழைய படத்தில் கிணற்றை ஒட்டியே கரை. புதிய படத்தில் கரை எங்கேயோ போயிருந்தது. எதிர்ப்பக்கம் சின்னண்ணன் வீட்டுக் களத்துப் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பக்கமும் கரை நகர்ந்திருந்ததுதான், ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிகூட இல்லை. குழந்தைக்குக்கூடத் தெரியும். சமமாவது ஒன்றாவது!

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் இவர் சொன்னார்.

"நாமதான் எச்சாத் தின்னிருக்கறோம். அவருக்கும் தெரியும். நாலு பேருக்கு முன்னால என்னையக் காப்பாத்தி உட்டுட்டாரு."

நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏர் கட்டிக்கொண்டு போனார். காய்ந்த மண்ணில் கொழு இறங்கவில்லை. ஆனாலும் கிணற்றை ஒட்டி ஒரே ஒரு கோடு கீறினார், பழைய படத்தில் கரை இருந்த இடத்தில். அங்கிருந்து பள்ளம் வரைக்கும் இருந்த நிலத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்தில் சின்னண்ணன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு முடிந்ததும் பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

"மாப்ளே, மாடு எளைச்சிருக்குது. ஊட்டுல சோளத்தட்டு இருக்குது, ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

"செரிங்க மச்சா" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் காட்டிலேயே இருந்த எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதேன்.

ஆடி பிறந்தது. லாரிக்காரர் ஆள் அனுப்பினார். குட்டை வேலையில் கல் சுமந்துகொண்டிருந்த இவர் அங்கிருந்தே, "குட்டைக் கரை முடியட்டும்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கரை முடிந்தது. "மழை வருதான்னு பாத்துட்டு வாரேன்" என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார். லாரிக்காரருக்கும் ரோஷம் இருக்காதா? அப்புறம் ஆள் வரவில்லை. மழையும் ஏமாற்றி லாரியும் போய்விட்டால் என்ன செய்வது? ஆபீசர் மட்டும் ஜீப்பை நிறுத்திவிட்டு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடுப்பாக நடந்து பார்ப்பார். எங்கள் வீட்டில் கம்பங்கூழ் குடிப்பார். ஒருநாள் என் வீட்டுக்காரர், "படத்துல ஆளு தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"அவ்ளோ ஒசரத்துல இருந்து ஆளெல்லாம் தெரியாதுங்க. மரம் தெரியும். தண்ணி நின்னா நல்லாத் தெரியும், கறுப்பா" என்றார் ஆபீசர்.

புரட்டாசியில் அவருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில்தான் மழை பிடித்தது. கரட்டிலிருந்து செம்மண் தண்ணீர் இறங்கி, குட்டை நிறைந்து, இரண்டு கரைக்காரர்களும் விட்டுத்தந்த பழைய அகலத்துக்குப் பள்ளம் ஓடியது. கார்த்திகையில் எங்கள் கிணற்றின் மேற்குப் பாறையில் ஈரம் தெரிந்தது. பிறகு விரல் தடிமனுக்கு ஒரு கசிவு. மோட்டாரை மறுபடி இறக்கியபோது கயிற்றின் ஒரு முனையைச் சின்னண்ணன் பிடித்திருந்தார். அன்றைக்கு மதியம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

அந்த ஆபீசருக்கு நாங்கள் பட்டிருக்கிற நன்றிக்கடனை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆனால் ஆபீசர் போட்ட கரையில் தண்ணீர் நின்றதை அவர் பார்க்கவில்லையே என்பதுதான் எங்களுக்குக் குறை.

மார்கழியில் ஒருநாள் பள்ளத்துத் தடுப்பில் அடைந்த செத்தையை இவரும் சின்னண்ணனும் முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் இருந்தேன். தெற்கே எங்கோ போகிற ஏரோப்ளேன் ஒன்று தலைக்கு மேல் இரைந்தது. இவர் சட்டென்று செத்தையைக் கீழே போட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார், அது தண்ணீரில் நனைந்தது.

"மச்சா, ஆடாம நில்லுங்க. படம் புடிப்பாங்க."

"ஆளு தெரியாதுன்னு ஆபீசர் சொன்னாருல்ல மாப்ளே?"

"தண்ணி தெரியுமுல்லங்க. நாம ஆடினாத் தண்ணி கலங்குமில்ல?"

சின்னண்ணன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். நானும் எழுந்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் கரட்டைத் தாண்டும் வரை மேலே பார்த்துக்கொண்டே நின்றேன்.